மளிகைக் கடை பாஸ்போர்ட்

மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு சிபாரிசு. அடுத்த தடவை ஸான்ஃபிரான்ஸிஸ்கோ பக்கம் போக வாய்த்தால், கோல்டன் கேட் பாலத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்து முடித்த கையோடு, சைனா டவுனில் ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். கிராண்ட் அவென்யூ வேண்டாம். விசிறி, பொம்மை, டிராகன் படம் போட்ட பனியன் என்று டூரிஸ்டுகளுக்காகவே கடை விரித்த தெரு அது. ஒரு தெரு தள்ளி ஸ்டாக்டன் தெரு இருக்கிறது. உள்ளூர்ச் சீனர்கள் காய்கறி வாங்குவது அங்கேதான்.

பாதிக் கடை பிளாட்பாரத்தில் இருக்கும். அட்டைப்பெட்டிகளில் இஞ்சி, பாகற்காய், முள்ளங்கி, நமக்குப் பெயர் தெரியாத கீரைகள். உள்ளே கால் வைத்ததும் கருவாட்டு வாசனை முகத்தில் அறையும். காய்ந்த இறால், காய்ந்த சிப்பி, காய்ந்த காளான், ஜாடி ஜாடியாக ஊறுகாய், கொக்கியில் வரிசையாகத் தொங்கும் பன்றிக்கறி சாஸேஜ், மூலையில் அரிசி மூட்டை. கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்து, பிடிக்காமல் திரும்பப் போட்டு, விலையைக் கேட்டு உதட்டைப் பிதுக்கும் பாட்டிகள். நம்மூர் மார்க்கெட்டைப் பெயர்த்துக்கொண்டு போய் அங்கே வைத்ததுபோல இருக்கும்.

இதிலென்ன சரித்திரம் என்கிறீர்களா? இருக்கிறது. 1882-லிருந்து 1943 வரை, அறுபத்தோரு வருடங்கள், இந்த மாதிரிக் கடைகள்தான் அமெரிக்கச் சீனர்களுக்கு பாஸ்போர்ட். கடையில் பங்கு இருந்தால் நீங்கள் மனிதர். பெண்டாட்டி பிள்ளையோடு வாழலாம். பங்கு இல்லையென்றால் வெறும் கூலி. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது.

முதலில் கொஞ்சம் முன்கதை.

1848-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. செய்தி கடல் தாண்டித் தென்சீனாவின் குவாங்டங் மாகாணத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பஞ்சமும் கலவரமுமாக இருந்த ஊர். கடன் வாங்கிக் கப்பலேறினார்கள். அமெரிக்காவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'தங்கமலை'. தங்கம் என்னவோ சீக்கிரமே தீர்ந்துவிட்டது. அடுத்து ரயில் பாதை. மேற்கேயிருந்து சியரா நெவாடா மலையைக் குடைந்து தண்டவாளம் போட்டதில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்களின் உழைப்பு இருக்கிறது. 1869-ல் அந்த வேலையும் முடிந்தது. 1870-களில் பொருளாதாரம் படுத்தது. வேலையில்லாத வெள்ளைக்காரர்களுக்குக் கோபத்தைக் கொட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. பக்கத்திலேயே, குறைந்த கூலிக்கு வேலை செய்துகொண்டு, தலையில் நீளப் பின்னலோடு ஒருவன் இருந்தான். வேறென்ன வேண்டும்?

சில்லறைத் தொந்தரவுகள் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தன. தோளில் காவடி போலக் கழி வைத்து, இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டுக்கொண்டு பிளாட்பாரத்தில் நடக்கக்கூடாது என்று 1870-ல் ஸான்ஃபிரான்ஸிஸ்கோ நகரசபை ஒரு சட்டம் போட்டது. அப்படிக் காய்கறி சுமந்து விற்றவர்கள் யார்? சீனர்கள் மட்டும்தான். 1875-ல் வந்த பேஜ் சட்டம் சீனப் பெண்களைக் குறிவைத்தது. விபசாரத்துக்காக வருபவர்களைத் தடுக்கிறோம் என்று சொல்லி, அநேகமாக எல்லாப் பெண்களையுமே தடுத்தார்கள். கடைசியாக 1882 மே மாதம் அதிபர் செஸ்டர் ஆர்தர் கையெழுத்துப் போட்டார். சீனத் தொழிலாளி எவரும் அமெரிக்காவுக்குள் புதிதாக வரக்கூடாது. ஒரு குறிப்பிட்ட இனத்தின் பெயரைச் சொல்லியே அமெரிக்கா கதவைச் சாத்திய சட்டம்.

ஆனால் கதவில் ஒரு சின்ன இடுக்கு விட்டிருந்தார்கள். சீனாவோடு வியாபாரம் நடக்க வேண்டுமே! தேயிலையும் பட்டும் வேண்டும், பீங்கான் வேண்டும், அமெரிக்கச் சரக்கு அங்கே விற்க வேண்டும். 1880-ல் சீன அரசோடு போட்ட ஒப்பந்தத்தில் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஊர்சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கும் விலக்கு கொடுத்திருந்தார்கள். கூடவே, வியாபாரிகளுக்கு.

வியாபாரி! அந்த ஒரு வார்த்தையைச் சீனர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

பி.காம். படித்தவர்களுக்குக் கூட்டு வியாபாரம் பற்றிய பாடம் நினைவிருக்கும். பார்ட்னர்ஷிப் டீட், முதல் போடுவது, லாபம் பிரிப்பது. இந்தப் பாடத்தையெல்லாம் மூன்று வருடம் படித்து, பரீட்சை எழுதி, மறந்தும் போன கோஷ்டியில் நானும் ஒருவன். குவாங்டங் கிராமத்திலிருந்து வந்தவர்கள் எந்தக் காலேஜுக்கும் போகவில்லை. ஆனால் சட்டத்தைப் படித்த மாத்திரத்தில் கணக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு மளிகைக் கடைக்குப் பெரிய முதல் வேண்டாம். ஆளுக்கு 500 டாலர், 1,000 டாலர் என்று பத்துப் பேர் சேர்ந்து போட்டால் ஒரு கடை. கடை ஒன்று, வியாபாரிகள் பத்துப் பேர்! கல்லாவில் இரண்டு பேர்தான் உட்கார முடியும் என்பது வேறு விஷயம்.

அமெரிக்க அதிகாரிகள் மட்டும் சும்மா இருப்பார்களா? 1893-ல் 'வியாபாரி' என்றால் யார் என்று சட்டத்திலேயே இலக்கணம் எழுதினார்கள். சரக்கு வாங்கி விற்பவராக இருக்க வேண்டும். நிலையான ஓர் இடத்தில் கடை இருக்க வேண்டும். அது அவர் பெயரில் நடக்க வேண்டும். கடை வேலைக்கு அவசியமானதைத் தவிர வேறு உடலுழைப்பு எதுவும் செய்யக்கூடாது. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர் என்றால், கிளம்புவதற்கு முன் ஒரு வருடமாவது இப்படித்தான் இருந்தார் என்று இரண்டு நம்பகமான சாட்சிகள் சொல்ல வேண்டும். அந்தச் சாட்சிகள் சீனர்களாக இருக்கக் கூடாது.

ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு கண்ணிவெடி.

முதலில் இந்தப் பெயர் சமாசாரம். கடை அவர் பெயரில் நடக்க வேண்டுமாம். சீனக் கடைகளுக்கு ஆள் பெயர் வைக்கும் வழக்கமே பெரும்பாலும் கிடையாது. மங்கலமான வார்த்தைகளாகப் பார்த்து வைப்பார்கள். 'விங்' என்றால் என்றென்றும். 'வோ' என்றால் இணக்கம். 'ஃபுக்' என்றால் அதிர்ஷ்டம். நம்மூரில் ஸ்ரீலட்சுமி ஸ்டோர்ஸ் என்று போர்டு இருந்தால், லட்சுமி யார், கூப்பிடு அவளை என்றா அதிகாரி கேட்பார்? அங்கே கேட்டார்கள். கோர்ட் வரைக்கும் போனது. போர்டில் ஆள் பெயர் இருக்க வேண்டியதில்லை, கூட்டாளிகள் பட்டியலிலும் கணக்குப் புத்தகத்திலும் சொந்தப் பெயரில் நிஜமான பங்கு இருந்தால் போதும் என்று 1894-ல் ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது.

அடுத்தது உடலுழைப்பு. துணி வெளுக்கும் கடை வைத்திருந்தால் நீங்கள் வியாபாரி இல்லை, தொழிலாளி. ஓட்டல் வைத்திருந்தாலும் ரொம்ப காலம் அதே கதிதான். 1915-ல் ஒரு கோர்ட் தீர்ப்பு ஓட்டல் முதலாளிகளையும் வியாபாரிகளாக ஏற்றுக்கொண்டது. அதற்கப்புறம் அமெரிக்காவில் சீன ஓட்டல்கள் எப்படிப் பெருகின என்பது தனிக்கதை. மளிகைக் கடைக்காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை. மூட்டை தூக்கலாம், பெட்டி பிரிக்கலாம், அதெல்லாம் கடை வேலை. ஆனால் வியாபாரம் மந்தமான மாதத்தில் பக்கத்து ஊர் பழத்தோட்டத்தில் நான்கு நாள் கூலிக்குப் போய், அதை யாராவது பார்த்துவிட்டால்? போச்சு. அந்த நான்கு நாள் சம்பளம் அவருடைய பெண்டாட்டியைப் பசிபிக் சமுத்திரத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடும்.

அப்புறம் சாட்சிகள். இன்ஸ்பெக்டர் கடைக்கு வருவார். கண்ணால் சரக்கை மதிப்பிடுவார். முதல் எவ்வளவு, கூட்டாளிகள் எத்தனை பேர், போன வருடம் எவ்வளவுக்கு விற்றது என்று கேட்பார். ஸ்லீப்பிங் பார்ட்னரா, நிஜமாகவே கடையில் நிற்கிற பார்ட்னரா என்று துருவுவார். பணத்தை மட்டும் போட்டுவிட்டு வேறு எங்கோ சமையல் வேலை பார்க்கிற ஸ்லீப்பிங் பார்ட்னர் அவர் கணக்கில் வியாபாரி இல்லை. பிறகு வெளியே போய் அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்களிடம் விசாரிப்பார். இந்த ஆளைத் தெரியுமா? கடையில்தான் எப்போதும் இருப்பாரா? வேறு வேலை செய்து பார்த்திருக்கிறாயா? சரக்கு வண்டி ஓட்டுகிறவரும் பக்கத்துக் கடை வெள்ளைக்காரரும் சொல்லும் ஒரு வார்த்தையில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறிவிடும். அந்தக் கடைக்காரர் அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எவ்வளவு பெரிய கும்பிடு போட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இத்தனை பாடு எதற்காக?

ஒரு கணக்கு சொல்கிறேன். 1890 சென்ஸஸ்படி அமெரிக்காவில் இருந்த சீன ஆண்கள் 1,03,620. சீனப் பெண்கள் 3,868. ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய 27 ஆண்கள். மற்றவர்களின் மனைவிமார் எல்லாம் ஊரில். கூலிக்காரனின் மனைவியும் சட்டப்படி கூலிக்காரிதான், அவள் வரக்கூடாது என்று 1884-லேயே கோர்ட் சொல்லிவிட்டது. வியாபாரியின் மனைவிக்கோ, மைனர் குழந்தைகளுக்கோ தனிச் சான்றிதழ்கூடத் தேவையில்லை என்று 1900-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. இரண்டு பேரும் ஒரே கிராமத்திலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்களாக இருக்கலாம். ஒருவனுக்கு மளிகைக் கடையில் பங்கு இருக்கிறது, இன்னொருவனுக்கு இல்லை. அவன் வீட்டில் குழந்தை அழும் சத்தம், இவனுக்கு வருடத்துக்கு நாலு கடுதாசி.

அந்தக் கடுதாசியும் மளிகைக் கடை மூலமாகத்தான் வரும். தோட்டத்திலும் சுரங்கத்திலும் அலைகிறவனுக்கு ஏது விலாசம்? 'இன்ன கடை, மேற்பார்த்து' என்றுதான் ஊரிலிருந்து எழுதுவார்கள். படிக்கத் தெரியாதவனுக்குக் கடைக்காரர் படித்துக் காட்டுவார். பதில் எழுதித் தருவார். ஊருக்குப் பணம் அனுப்புவது கடை வழியாக. கடன் வாங்குவது கடையில். வேலை தேடி வந்தவன் ராத்திரி படுப்பது கடையின் பின்கட்டில். அரிசியும் கருவாடும் அங்கே விற்ற பல சரக்குகளில் இரண்டு, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட கடை ஒன்று அப்படியே, தூசி தட்டாமல், நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பார்க்க ஸான்ஃபிரான்ஸிஸ்கோவை விட்டு வடக்கே, ஆரெகான் மாநிலத்துக்குப் போக வேண்டும். ஜான் டே என்று ஒரு சின்ன ஊர். தங்கச் சுரங்கத்தை நம்பி வந்த சீனர்களால் அங்கேயும் ஒரு குட்டி சைனா டவுன் உருவானது. 1880-களின் கடைசியில் இங் ஹே, லங் ஆன் என்று இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து 'காம் வா சுங்' என்ற கடையை எடுத்து நடத்தினார்கள். லங் ஆன் ஆங்கிலம் வெளுத்து வாங்குவார். வியாபாரம், கடிதம், ஆள் பிடித்து வேலைக்கு அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. பிற்பாடு கார் விற்கும் ஏஜென்ஸிகூட எடுத்தார். பலே ஆசாமி! இங் ஹே நாட்டு வைத்தியர். நாடி பிடித்துப் பார்த்து மருந்து கொடுப்பார். நம்மூர் நாட்டு மருந்துக் கடை மாதிரி, அலமாரி நிறைய வேரும் பட்டையும் சருகுமாக ஐந்நூறுக்கும் மேற்பட்ட சரக்குகள். சீனனே வெளியே போ என்று கத்திய அதே நாட்டில், ஜுரம் வந்த வெள்ளைக்காரர்கள் அவரிடம் கையை நீட்டினார்கள்.

லங் ஆன் 1940-ல் இறந்தார். இங் ஹே 1952-ல். கடையைப் பூட்டிவிட்டார்கள். ஊருக்கே அது மறந்து போயிற்று. 1960-களின் கடைசியில் பூட்டைத் திறந்தால், டப்பாக்கள் டப்பாக்களாகவே இருக்கின்றன. மருந்து இருக்கிறது, கணக்கு நோட்டு இருக்கிறது, அனுப்பாத கடிதங்கள் இருக்கின்றன. இங் ஹேயின் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி. அதற்குள் நோயாளிகள் வைத்தியத்துக்காகக் கொடுத்த செக்குகள். பாங்கில் போடவே இல்லை. மொத்தம் சுமார் 23,000 டாலர். பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த காலத்தில் கொடுக்கப்பட்டவை பல. இல்லாதவர்களிடம் வாங்கி என்ன செய்ய என்று விட்டுவிட்டார் என்கிறார்கள். கையிலிருந்த செக்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிய அந்த மனிதருக்குச் சீனாவில் மனைவியும் குழந்தைகளும் இருந்தார்கள். லங் ஆனுக்கும் அப்படியே. இருவருமே பிறகு தங்கள் குடும்பத்தைப் பார்க்கவில்லை. கடை இன்று மியூசியம்.

மறுபடி ஸான்ஃபிரான்ஸிஸ்கோ. 1906 ஏப்ரல் 18-ம் தேதி பூகம்பம். அதைத் தொடர்ந்து தீ. சைனா டவுன் சாம்பல். இதுதான் சாக்கு என்று சீனர்களை ஊருக்கு வெளியே தள்ளிவிடப் பார்த்தார்கள். வியாபாரிகள் முந்திக்கொண்டு, டூரிஸ்டுகளைக் கவரும் மாதிரி பகோடா கூரையோடு கடைகளைக் கட்டிக்கொண்டார்கள். இன்று நீங்கள் போட்டோ எடுக்கிற சைனா டவுன் அதுதான்.

தீயில் நகரத்தின் பிறப்புப் பதிவேடுகளும் எரிந்து போயின. அது ஒரு வரப்பிரசாதம்! நான் இங்கேயே பிறந்தவன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இல்லை என்று நிரூபிக்கக் காகிதம் கிடையாது. குடிமகனின் பிள்ளைகளும் வியாபாரியின் பிள்ளைகளும் உள்ளே வரலாம் என்பதால், இல்லாத பிள்ளைகளின் பெயர்களை எழுதி வைத்து, அந்த இடங்களை விற்கவும் செய்தார்கள். 'காகித மகன்' என்று அவர்களுக்குப் பெயர். மோசடிதானே? மோசடிதான். வேறு வாசல் இல்லாத வீட்டில் ஜன்னல் வழியாக ஏறிக் குதிப்பவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதைப் பிடிக்கத்தான் ஏஞ்சல் ஐலண்ட். பெயர் தேவதைத் தீவு, நடந்தது விசாரணைக் கமிஷன். 1910-லிருந்து 1940 வரை வந்திறங்கிய சீனர்களை அங்கே அடைத்து வைத்துக் கேள்வி கேட்டார்கள். உன் கிராமத்து வீடு எந்தத் திசை பார்த்தது? வாசலில் எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலையில்? மூன்றாவது வீட்டில் யார்? அதே கேள்விகளைத் தகப்பனையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். பதில் ஒத்துப்போகவில்லை என்றால் திரும்பக் கப்பலேற்ற வேண்டியதுதான். உங்கள் வீட்டு மாடிப்படி மொத்தம் எத்தனை? சட்டென்று சொல்லுங்கள், பார்க்கலாம். காகித மகன் நோட்டுப் போட்டு மனப்பாடம் செய்து, கப்பல் கரை சேருமுன் அந்த நோட்டைக் கடலில் வீசிவிட்டு வருவான். மாட்டிக்கொண்டு முழித்தவர்களில் மனப்பாடம் செய்யாத நிஜ மகன்களும் உண்டு.

அந்த மாதிரி ஒரு மகனைப் பற்றிச் சொல்ல, வாங் கிம் ஆர்க்கிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஸாக்ரமெண்டோ தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த தம்பதிக்கு 1873 வாக்கில் பிறந்தவர். அப்பா வியாபாரி. பையனோ சமையல்காரன். அதாவது, தொழிலாளி. சீனாவுக்குப் போய்விட்டு 1895-ல் திரும்பி வந்தவரை இறங்கக்கூடாது என்று மாதக்கணக்கில் கப்பலிலேயே நிறுத்தி வைத்தார்கள். நான் பிறந்ததே இந்த ஊர்தானே என்று வழக்குப் போட்டார். 1898-ல் சுப்ரீம் கோர்ட், ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில், அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கர் என்று சொன்னது. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் பிறப்புரிமைக் குடியுரிமையைக் கட்டுப்படுத்தி உத்தரவு போட்டபோது, எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் முதலில் எடுத்து நீட்டியது இந்த மளிகைக் கடைக்காரர் மகனின் தீர்ப்பைத்தான். அமெரிக்காவில் பிறந்த நம் பேரன் பேத்திகளும் இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் நிற்கிறார்கள்.

இத்தனை பெரிய தீர்ப்பு வாங்கியவருக்கு என்ன கிடைத்தது? அப்புறமும் ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் நான் குடிமகன் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். 1910-ல் அவருடைய மூத்த மகன் ஏஞ்சல் ஐலண்டில் வந்து இறங்கினான். தகப்பன் பதிலும் மகன் பதிலும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உச்சபட்ச வேடிக்கை 1925-ல். அதற்கு முந்தைய வருடம் அமெரிக்கா இன்னும் கடுமையான குடியேற்றச் சட்டம் போட்டிருந்தது. இரண்டு வழக்குகள் ஒரே நாளில் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தன. சீன வியாபாரியின் மனைவி வரலாமா? வரலாம், ஒப்பந்தம் இருக்கிறது. அமெரிக்கக் குடிமகனான சீனரின் மனைவி வரலாமா? வரக்கூடாது, சட்டத்தில் இடமில்லை. அதாவது அந்த நாட்டின் குடிமகனாக இருப்பதைக் காட்டிலும், வேற்று நாட்டு மளிகைக் கடைக்காரராக இருப்பது லாபம்! 1930-ல் இதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 1917-ல் போட்ட சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடை செய்யப்பட்ட மண்டலம் என்று அறிவித்தது. இந்தியாவும் அதற்குள் அடக்கம்.

1943-ல், சீனா யுத்தத்தில் கூட்டாளியாகிவிட்டபடியால், தடைச் சட்டத்தை எடுத்தார்கள். வருடத்துக்கு 105 சீனர்கள் வரலாம் என்று தாராளம் காட்டினார்கள். 1965-ல்தான் கதவு நிஜமாகத் திறந்தது. இந்தியர்களும் அதில்தான் உள்ளே போனார்கள். 1975-க்குப் பிறகு வியட்நாமிலிருந்து வந்த சீனர்கள் கடை போட்டார்கள். சாப்பாட்டு மேஜைக்கு மீன் சாஸும் லெமன் கிராஸும் வந்து சேர்ந்தன. தைவான்காரர் ஒருவர் 1984-ல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த '99 ரான்ச்' இன்று பல மாநிலங்களில் பெரிய பெரிய சூப்பர் மார்க்கெட்டாக நிற்கிறது. சின்னக் கடைகளுக்கு அதனோடு போட்டி போடுவது சிரமம்தான்.

அந்தக் கடைகளின் கூட்டாளிகள் பட்டியல், விசாரணை வாக்குமூலம், ஒட்டிய போட்டோ எல்லாம் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஸான்ஃபிரான்ஸிஸ்கோ ஃபைல்கள், பக்கத்திலேயே ஸான் புரூனோ என்ற ஊரில். பேரன் பேத்திகள் போய்ப் பிரித்துப் பார்க்கிறார்கள். தாத்தா சொல்லாமல் போன கதையை, இன்ஸ்பெக்டர் கேட்டுக் கேட்டு டைப் அடித்து வைத்திருக்கிறார். தாத்தாவின் குடும்பப் பெயரே வேறு என்பது சிலருக்கு அங்கேதான் தெரிய வருகிறது.

ஸான் புரூனோவுக்கும் ஸான்ஃபிரான்ஸிஸ்கோவுக்கும் நடுவில் கோல்மா என்ற ஊர். ஊர் முழுக்கக் கல்லறைகள். சீனர்களுக்கென்றே தனி இடுகாடுகள் உண்டு. காகித மகன்களின் கல்லறைகளில் சிலவற்றில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஆங்கிலத்தில் காகிதப் பெயர். பக்கத்தில் சீன எழுத்தில், அப்பா வைத்த பெயர்.